முத்துப்பாரும் மறியற்சாலையும்: பிரித்தானியர் கால இலங்கையின் அரச கட்டளைகள் பற்றிய ஒரு நோக்கு

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனப் பொதுவாகக் கொள்ளப்படும் 'எரித்திரியக் கடற் பெரிப்புளுசு' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையைப் பற்றிப் பேசுமிடத்து, அங்கு முத்துக்குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று ஒரே வாக்கியத்திற் கூறிச் செல்கின்றது. பெயர் தெரியாத அந்நூலாசிரியன் இதனை நேரிற் கண்டு எழுதினானா, துறைமுகத்திற் கேட்டு எழுதினானா என்பதை நாம் தீர்மானிக்க இயலாது. எனினும், கொற்கை முத்தின் ஒளியைப் பாடிய நம் பழம் புலவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒரு மனிதனை, அதாவது கடலடிக்குச் சென்று சிப்பியைப் பறித்து வந்தவனை, அந்த அந்நிய வணிகன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துள்ளான் என்பதே எமக்கு முக்கியமாகும். அவன் கண்ட குளிப்பாளி ஏற்கனவே குற்றவாளியாக்கப்பட்டவன். ஏறக்குறையப் பதினெட்டு நூற்றாண்டுகளின் பின்னர், அதே மன்னார்க் குடாவின் மறுகரையில் ஆட்சி நடத்திய பிரித்தானியர், குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிக்கவில்லை. குளிக்க வந்த சுதந்திர மனிதனைக் குற்றவாளியாக்கக்கூடிய கட்டளைகளை எழுதினர். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது வரலாற்று மாணவர்கள் குடியேற்றவாதக் காலச் சட்டங்களைத் துறைவாரியாகப் பிரித்துப் படித்துப் பழகியவர்கள். சிறைச்சாலைச் சட்டங்கள் ஓர் அத்தியாயம். மீன்பிடிச் சட்டங்கள் இன்னோர் அத்தியாயம். உப்பு, வீதி, கூலி என ஒவ்வொன்றும் தனித்தனிக் கோவைகளில் அடங்கும். இப்பிரிப்பு, அரசாங்க அலுவலகத்தின் அலுமாரித் தட்டுகளைப் பின்பற்றிய பிரிப்பேயன்றி, கரையிலே வாழ்ந்த மனிதனின் வாழ்க்கையைப் பின்பற்றியது அன்று. அரிப்பிலோ சிலாவத்துறையிலோ ஒருவனுடைய தோணி பறிமுதலாகும்போது, அவனை மறித்த கட்டளையும் அவனை அடைத்த கட்டளையும் ஒரே கையால் ஒப்பமிடப்பட்டவை என்பது அவனுக்கு விளங்கியிருக்கும்.

முத்துப்பார்களின் தன்மையை முதலிற் சுருக்கமாகக் குறிப்பிடுதல் வேண்டும். மன்னாருக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டைச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, ஆழங்குறைந்த கடலடியில் மணற்பரப்புக்களுக்கிடையே அமைந்த கற்றிட்டுக்களே 'பார்' எனப்படுவன. பெரியபார், செவல்பார் முதலிய பெயர்கள் யாவும் தமிழ்ப் பெயர்களே. ஆங்கிலேயரின் வரைபடங்களிலும் அவை அவ்வாறே இடம்பெற்றன. சிப்பிகள் ஒட்டி வளர்ந்து முதிர்வதற்குச் சில ஆண்டுகள் தேவை. முதிர்ந்தபின் காத்திருந்தால் அவை அழியும். முதிருமுன் எடுத்தால் முத்திராது. பருவக்காற்றுக்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான சில வாரங்களே குளிப்புக்குரிய காலம். இத்தொழிற் பருவத்தையே நம் மக்கள் 'சலாபம்' என்றனர். சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடப்பதுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், ஆற்காட்டு நவாபுடன் உரிமை பற்றி எழுந்த பிணக்குகளின் நடுவே, 1768 முதல் 1796 வரை இலங்கைப் பார்களில் சலாபமே நிகழவில்லை.

அந்த இடைவெளியால் நன்மை பெற்றோர் பிரித்தானியர். 1796 இல் கரையோர மாகாணங்கள் கைமாறியபோது, நீண்ட காலம் தீண்டப்படாதிருந்த பார்களும் அவற்றோடு கைமாறின. சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பனியின் அதிகாரிகள் உடனடியாகவே சலாபத்தைத் தொடங்கினர். 1797, 1798 ஆகிய இரு ஆண்டுகளிலும் குளிப்புரிமையை விற்றதனாற் கிடைத்த தொகை, ஆண்டொன்றுக்கு ஓரிலட்சம் பவுணைத் தாண்டியது. தென்னைமர வரியும் சென்னை முறையிலான வரிக்குத்தகையும் 1797 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைத் தோற்றுவித்த அதே காலத்தில், எதிர்ப்பெதுவுமின்றி இப்பெருந்தொகை கடலடியிலிருந்து வந்து சேர்ந்தமை, புதிய ஆட்சியாளர் மனத்தில் ஆழமான பதிவை ஏற்படுத்தியிருக்க வேண்டும். தரையிலே வரி கேட்டால் மக்கள் திரள்வர். கடலடியிலே கேட்பதற்கு யாருமில்லை. 1798 இல் வந்திறங்கிய தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், அரிப்பிலே கடலை நோக்கிய மேட்டில், கிரேக்கப் பாணித் தூண்கள் கொண்ட மாளிகையொன்றை எழுப்பித்தார். அதன் மாடியிலிருந்து நோக்கினால் படகுகள் தெரியும். ஓர் அரசின் கண் எங்கே நிலைகொண்டிருந்தது என்பதை அறிய, அக்கட்டடத்தின் இருப்பிடத்தைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இவ்விடத்து ஒன்றைக் கூறாது செல்லுதல் தகாது. சலாபத்தில் ஊழல் என்னும் ஐயம் முதன்முதலாகப் பெரிதாக எழுந்தது குளிப்பாளிகள் மீதன்று. குடியேற்றநாட்டின் முதலாவது பிரதம செயலாளராயிருந்த ஹியூ கிளெக்கோர்ன் மீதேயாகும். 1799 ஆம் ஆண்டுச் சலாபத்தின் மேற்பார்வை தொடர்பாக அவருக்கும் நோர்த்துக்கும் மூண்ட பிணக்கு, அவர் பதவி நீங்குவதில் முடிந்தது. அவர் தாயகம் திரும்பி ஸ்கொத்லாந்தில் நிலபுலம் வாங்கி வாழ்ந்தார். அவர் குற்றம் புரிந்தாரா இல்லையா என்பது வேறு விடயம். ஐயத்துக்குள்ளான உயர் அதிகாரியின் விடயம் கடிதப் போக்குவரத்தாலே தீர்க்கப்பட்டது. ஐயத்துக்குள்ளான குளிப்பாளியின் விடயம் எவ்வாறு தீர்க்கப்பட்டதென்பதை, அக்காலத்தில் இலங்கையிற் பணியாற்றிய படைவீரர் றொபேட் பேர்சிவல் 1803 இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். முத்தை விழுங்கிவிட்டான் என்று வணிகர் ஐயுற்றால், அவனை அடைத்துவைத்து வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுத்தனர். அவனுடைய குடலே சோதனைக்குரிய இடமாயிற்று.

இனிக் கட்டளைகளுக்கு வருவோம். 1811 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க ஒழுங்குவிதி, மாட்சிமை தங்கிய மன்னரின் முத்துப்பார்களைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்டது. பார்களின் எல்லைக்குள்ளோ, அவற்றை அண்டிய குறித்த ஆழமுள்ள நீர்ப்பரப்பிலோ, காற்றும் காலநிலையும் இடங்கொடுக்கும்போதும் தன் வழியே செல்லாது நங்கூரமிட்டு நிற்கும் அல்லது சுற்றித்திரியும் எந்தப் படகையும் கைப்பற்றிப் பறிமுதல் செய்யலாம் என்பது அதன் சாரம். இக்கட்டளை சிப்பியைத் திருடுதலை மட்டும் தடுக்கவில்லை. கடலிலே தாமதித்து நிற்றலையே குற்றமாக்கியது. மீனவனுடைய தொழில் தாமதித்து நிற்றலாலேயே ஆனது. வலை போட்டவன் காத்திருக்கின்றான். தூண்டில் போட்டவன் காத்திருக்கின்றான். காற்று மாறும்வரை பாய்த்தோணிக்காரன் காத்திருக்கின்றான். எந்தக் காற்று 'இடங்கொடுக்கும்' காற்று என்பதை இனிமேல் அவன் தீர்மானிப்பதில்லை. காவற்படகின் அதிகாரி தீர்மானிப்பான். அக்கட்டளை குறித்த எல்லை, கரையிலிருந்து ஆறு மைலில் தொடங்கி இருபத்தொரு மைல் வரை சென்றது. பிரித்தானியர் ஏனைய நாடுகளுடன் பேசுமிடத்துக் கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாலுள்ள கடல் எவருக்கும் சொந்தமன்று என்னும் கொள்கையை வலியுறுத்திய நூற்றாண்டு அது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த முரண்பாட்டுக்கு ஒரு சட்டவாதம் தேவைப்பட்டது. நீந்தித் திரியும் மீன் பிடிபடும்வரை யாருடைய சொத்துமன்று என்பது ஆங்கிலச் சட்ட மரபு. சிப்பியோ நிலத்தில் ஒட்டி வாழ்வது. ஆகவே அது பயிரைப் போன்றது; அது ஒட்டியுள்ள கடலடி வயலைப் போன்றது; வயலுக்கு உடைமையாளன் உண்டு. சுவிற்சலாந்து நாட்டுச் சட்ட அறிஞர் வற்றெல், 1758 இல் வெளிவந்த தமது சர்வதேசச் சட்ட நூலில், பாஃறெயினினதும் இலங்கையினதும் முத்துக்குளிப்புக்கள் உடைமைக்குரியவையாகலாம் என்பதை யார் ஐயுறுவர் எனும் கருத்துப்பட எழுதினார். ஐரோப்பிய நூலகமொன்றில் எழுதப்பட்ட அவ்வரியில் இலங்கை ஓர் எடுத்துக்காட்டாக வந்து நின்றது. 1893 இல், பேரிங் கடலின் நீர்நாய்கள் பற்றி ஐக்கிய அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் எழுந்த வழக்கு பாரிசில் நடுத்தீர்ப்புக்கு வந்தபோது, இலங்கைக் கட்டளைகள் மீண்டும் மேடையேறின. மூன்று மைலுக்கப்பால் நீங்கள் உங்கள் முத்துச்சிப்பியைச் சட்டத்தாற் காக்கும்போது நாங்கள் எங்கள் நீர்நாயைக் காக்கலாகாதா என அமெரிக்கத் தரப்பு வினவிற்று. சிப்பி நிலத்தோடு ஒட்டியது, நீர்நாய் அலைவது என்பதே பிரித்தானியத் தரப்பின் மறுமொழியின் உட்கிடையாகும். தீர்ப்பு பிரித்தானியாவுக்குச் சார்பாக அமைந்தது. அரிப்பிற் படகு பறிகொடுத்தவனுக்கு இவ்வாதங்கள் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவற்றின் பலன் மட்டும் தெரிந்திருக்கும்.

'பாதுகாப்பு' என்னும் சொல் இக்கட்டளைகள் யாவற்றிலும் தவறாது இடம்பெறுகின்றது. யாரிடமிருந்து பாதுகாப்பு? வருமான விபரங்களே இதற்கு விடை தருகின்றன. 1828 முதல் 1837 வரை ஆண்டுதோறும் என்னும்படியாக அரசு சலாபம் நடத்திற்று. அப்பத்தாண்டுகளில் ஈட்டப்பட்ட தொகை இரண்டு இலட்சம் பவுணுக்கு மேலாகும். அதன் பின்னர் பார்கள் வெறுமையாயின. 1855 வரை சலாபமே இல்லை. சிப்பிகளின் அழிவுக்கு நீரோட்டம், மணல் மூடுதல், சிப்பி தின்னும் திருக்கை முதலிய மீன்கள் ஆகியனவும் காரணங்களாவதைப் பிற்கால உயிரியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே பழி முழுவதையும் மிகைக் குளிப்பின்மீது சுமத்துதல் முறையன்று. ஆனால் ஒன்று உறுதி. பார்களின் எல்லைக்குள் ஏழைத் தோணிக்காரன் நிற்பதைக்கூடத் தடைசெய்த அதே அரசு, தன் திறைசேரியின் தேவைக்கு அப்பார்களைத் தொடர்ந்து பத்தாண்டுகள் உழுதது. அந்த உழவுக்கு எல்லை வகுத்த கட்டளை எதுவும் அவ்வாண்டுகளில் செயற்பட்டதாக வருமான விபரங்கள் காட்டவில்லை.

முத்துப்பார்கள் வெறுமையாய்க் கிடந்த அந்த இடைக்காலத்திலேதான் இலங்கையின் நவீன சிறை உருவெடுத்தது என்பது தற்செயலான நிகழ்ச்சியாகலாம். எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கோல்புறூக்கின் சீர்திருத்தங்களை முற்போக்கான விடுதலைச் செயலாக மட்டுமே காட்டும் பாடநூல்கள், அதனையடுத்து வந்த கட்டளைகளின் வரிசையை மாணவருக்குக் காட்டுவதில்லை. சாதிக் கடமையாகப் பெறப்பட்ட உழைப்புக்குப் பதிலாக, சந்தையில் விலைக்குப் பெறும் உழைப்பு வரவேண்டியிருந்தது. அது தானாக வரவில்லை. 1841 இல், கூலி ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைச் சிறையிலிட இடமளிக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வெலிக்கடைச் சிறைச்சாலை கட்டப்பட்டது. 1844 இல் சிறைகளை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் வந்தது. 1848 இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம், உடல்வலுவுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டுமென விதித்தது, தவறினாற் தண்டனை. 1865 இல் கூலிச் சட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களிலிருந்து ஓடிய தமிழ்த் தொழிலாளியின் வரலாற்றில் அச்சட்டம் வகித்த பங்கு நன்கு அறியப்பட்டதே. கூலி ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறையிலிடும் வழக்கம் 1920 களின் தொடக்கம் வரை நீடித்தது. 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சிறைச்சாலைக் கட்டளைச் சட்டம், சுதந்திரத்தின் பின்னரும் பல பத்தாண்டுகள் நமது சிறை நிருவாகத்தின் அடிப்படையாக நின்றது.

அச்சிறைகளினுள் நடைபெற்ற வேலையும் கடலுடன் தொடர்பற்றதன்று. மறியற்காரரின் வழமையான கடின வேலைகளில் ஒன்று, கடற்கரைக் கிராமப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை: தேங்காய் மட்டையை அடித்துத் தும்பாக்குதல். கரையோரக் குடிசையில் வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாயிருந்தது, மதிலுக்குள் தண்டனையாகப் பெயர் மாறியது. இன்னும் பெரியதோர் எடுத்துக்காட்டு கொழும்புத் துறைமுகம். 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவருக்குக் கருங்கல் மஹரவிலிருந்து வந்தது. அக்கல்லை உடைத்தோர் கைதிகள். இலங்கையின் ஏற்றுமதி இறக்குமதி வணிகத்தைக் காலியிலிருந்து கொழும்புக்குத் திருப்பிய அச்சுவர் பற்றிப் பொறியியல் வெற்றியாகப் பேசும் நூல்கள் பல. அதில் மறியற்காரரின் உழைப்பு எத்தனை ஆண்டுகள் புதைந்துள்ளதென்று கணக்கிட்ட நூல் எதனையும் நாம் கண்டதில்லை.

வட மாகாணத்திலோ கடலும் சிறையும் ஒரே மேசையிற் சந்தித்தன. அரசாங்க அதிபர் வரி அறவிடுபவர். அவரே மாகாணத்தின் பிஸ்காலும் ஆவார். அதாவது நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுதலும் மறியற்சாலையும் அவர் பொறுப்பின் கீழ் வந்தன. 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக வீற்றிருந்த வில்லியம் குறொவ்ற்றன் துவைனம், முத்துச் சலாபங்களுக்கும் பொறுப்பாயிருந்தார். பார்களைச் சோதித்து, சிப்பியின் வயதைக் கணித்து, சலாப நாளை அறிவித்து, வருவோருக்கு ஒழுங்கு விதித்து, மீறுவோரைத் தண்டனைக்கு அனுப்பும் அதிகாரம் யாவும் ஒருவரிடத்தே குவிந்தன. வடபகுதி மக்கள் அவரை ஒரு குறுநில மன்னனாகவே கருதினர் என்று சொல்லப்படுவதில் வியப்பில்லை.

இக்குவியலின் உச்சத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியிற் காண்கின்றோம். ஆண்டின் பெரும்பகுதி பற்றைக்காடும் மணலுமாய்க் கிடந்த அவ்விடத்தில், சலாபம் அறிவிக்கப்பட்டதும் சில வாரங்களுள் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரம் எழுந்தது. கீழக்கரை, தூத்துக்குடி, இராமேசுவரம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்து பரவரும் கடையரும் முசுலிம் குளிப்பாளிகளும் வந்தனர். பாரசீகக் குடாவிலிருந்து அராபியர் வந்தனர். செட்டிமாரும் மரைக்காயரும் பம்பாய் வணிகரும் வந்தனர். நகரத்துக்குத் தபாற்கந்தோர் உண்டு, ஆசுப்பத்திரி உண்டு, நீதிமன்றம் உண்டு, மறியலும் உண்டு. பள்ளிக்கூடம் இல்லாத நகரத்திற்கு மறியல் இருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நகரின் நடுநாயகம் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்பு. நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றிற் புறப்பட்ட படகுகள் விடியலிற் பாரை அடையும். கல்லைக் காலிற் பிணைத்து இறங்கும் குளிப்பாளி ஏறக்குறைய ஒரு நிமிடத்துள் கைக்கெட்டியதை வலைப்பையில் இட்டு மேலெழுவான். கயிறு பிடிப்பவன் இழுப்பான். நண்பகலில் சமிக்ஞை கேட்டதும் கடற்காற்றில் திரும்புதல் வேண்டும். வழியிற் சிப்பியைத் திறவாதிருக்கக் காவல். கரை சேர்ந்ததும் சிப்பி மூட்டைகள் நேரே கொட்டுக்குட் செல்லும். அங்கே குளிப்பாளிகள் தம் சிப்பிகளை மூன்று சமகுவியல்களாகப் பிரிப்பர். எந்த இரண்டு அரசுக்கென்பதை அதிகாரி சுட்டுவார்; எஞ்சியது அவர்களுக்கு. எதைச் சுட்டுவார் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், மூன்றும் சமமாகவே இருக்கும். திறமையான ஏற்பாடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குளிப்பாளியின் பங்கு நாலிலொன்றாக இருந்து மூன்றிலொன்றாக உயர்ந்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். ஆனால் அந்த மூன்றிலொன்றும் அவன் கைக்கு முழுதாக வருவதில்லை. படகுக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி, தண்டல், கயிறு பிடிப்போர், முற்பணம் கொடுத்தவன் என எல்லோருக்கும் அதிற் பாகம் உண்டு. அந்நியன் மட்டுமே சுரண்டினான் என்னும் எளிய கதைக்கு இங்கு இடமில்லை. அரசின் வேலிக்கு வெளியே நம்மவரின் கடன் பத்திரம் காத்திருந்தது.

1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது இருபத்தைந்து இலட்சம் ரூபா அளவிலாகும். அடுத்த ஆண்டு, கொட்டின் மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளுள் ஒருவர் லெனாட் வுல்வ். பிற்காலத்திற் குடியேற்றவாதத்தின் கண்டனக்காரராக அறியப்பட்ட அவர், அந்நாட்களைத் தமது 'குறோயிங்' என்னும் தன்வரலாற்று நூலில் விரிவாக எழுதியுள்ளார். 1921 இல் வெளியான 'முத்துக்களும் பன்றிகளும்' என்னும் சிறுகதையின் களமும் சலாபமே. மரிச்சுக்கட்டியிலிருந்து மீண்டபின் 1907 இல் கண்டிக்கு மாற்றப்பட்ட வுல்வ், போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படும்போது அரசின் சார்பில் அருகே நிற்கவேண்டியவரானார். ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர், கொட்டிலே குவியலைச் சுட்டிய கையாலேயே போகம்பறையில் கழுத்துக்கயிற்றுக்குச் சமிக்ஞை காட்டவேண்டியிருந்தது. அவருடைய மனச்சாட்சியை அது உலுக்கியது என்பதை அவரே பதிவு செய்துள்ளார். தனி மனிதரின் மனச்சாட்சி எமக்கு ஆய்வுப்பொருளன்று. அவ்விரு கடமைகளையும் ஒரே உத்தியோகத்தின் சாதாரண வேலையாக ஏற்ற நிருவாக ஒழுங்கே ஆய்வுக்குரியது. வேலி, எண்ணிக்கை, உடற்சோதனை, குறித்த வேளையில் வெளியேறிக் குறித்த வேளையில் திரும்புதல் ஆகியன கொட்டுக்கும் சிறைக்கும் பொதுவான நடைமுறைகளாயிருந்தன.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அதை விடுத்தால் நமது வாதம் மிகையாகிவிடும். மறியற்காரன் வராதிருக்க முடியாது, குளிப்பாளி வராதிருக்கலாம். அரசிடம் தோணி இல்லை, மூச்சடக்கும் திறமையும் இல்லை. ஆகையாற் குளிப்பாளியின் நம்பிக்கைகளுக்குக்கூட அது பணியவேண்டியிருந்தது. சுறாவின் வாயைக் கட்டுபவர் எனக் கருதப்பட்ட 'கடல்கட்டி' கரையில் மந்திரம் ஓதாவிடின் எவரும் கடலில் இறங்கார். மந்திரத்தை மூடநம்பிக்கையென இகழ்ந்த ஆங்கில அதிகாரிகள், அதே கடல்கட்டிக்கு அரச செலவிற் சம்பளம் கொடுத்தனர். சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற அந்த மந்திரவாதியே, கட்டளைகளால் அசைக்க முடியாத ஓர் உழைப்பாளர் கூட்டம் இருந்தது என்பதற்குச் சான்றாவான். வாந்திபேதி பரவியதென்ற செய்தி வந்தால் இரவோடிரவாகப் படகுகள் பாய்விரித்து மறைந்தன. எந்தக் காவற்படகும் அவற்றைத் திருப்பிக் கொணர்ந்து குளிக்கச் செய்ய இயலவில்லை. பங்கு நாலிலொன்றிலிருந்து மூன்றிலொன்றாக உயர்ந்தமைக்கு அரசின் கருணையைக் காட்டிலும் இந்த 'வராதிருக்கும்' வலுவே காரணமென நாம் கருதுகின்றோம்.

முத்தைக் கண்ணாலும் காணாத சாதாரண மீனவனுக்கோ அவ்வலுவும் இருக்கவில்லை. அவனை மறியலோடு பிணைத்தது உப்பு. கோடையில் களப்புக்களின் ஓரத்திலே தானாக விளையும் உப்பை அள்ளி மீனைக் கருவாடாக்கிய மக்களுக்கு, உப்பு அரசின் ஏகபோகம் என்பதும், இயற்கையாய் விளைந்ததை அள்ளுதலும் தண்டனைக்குரியது என்பதும் விளங்காத விதிகளே. பாக்குநீரிணையின் மறுகரையான சென்னை மாகாணத்திலும் இதே நிலை நிலவிற்று. அங்கு மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிசு டே, 1873 இல் வெளியிட்ட அறிக்கையில், உப்பு வரி மீன் பதனிடலைப் பாதிப்பதை எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே அரசு, மீன் பதனிடும் 'யாட்'களைக் கரையோரங்களில் அமைத்து, அவற்றின் வேலிக்குள் மட்டும் குறைந்த விலையில் உப்பு வழங்கிற்று. வேலிக்குள் உப்பிட்டால் தொழில், வெளியே உப்பிட்டாற் குற்றம். கொட்டின் வேலி இங்கு கருவாட்டையும் சூழ்ந்துகொண்டது.

இனி எஞ்சியவை சில நிகழ்ச்சிகளே. 1902 இல் பேராசிரியர் ஹேட்மன் அழைத்துவரப்பட்டுப் பார்களை ஆராய்ந்தார். அவருடன் வந்த ஹோர்னெல் இங்கேயே தங்கி அப்பணியைத் தொடர்ந்தார். அறிவியலின் துணையால் ஆண்டுதோறும் முத்து விளையும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கையின்மேல் 1906 இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவுக்கு, 'சிலோன் கொம்பனி ஒவ் பேள் பிஷர்ஸ்' என்னும் இலண்டன் கும்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. மன்னரின் சொத்து எனக் காக்கப்பட்டது, பங்குதாரரின் சொத்தாயிற்று. அவர்களுக்காகவும் அதே கட்டளைகளும் அதே காவலும் இயங்கின. ஆனால் 1907 இன் பின்னர் பார்கள் மீண்டும் வெறுமையாயின. இம்முறை எந்தத் தோணிக்காரனையும் குற்றஞ்சாட்ட இயலவில்லை. சில ஆண்டுகளுள் கும்பனி கலைக்கப்பட்டது.

பிரித்தானியர் காலத்து இறுதிச் சலாபம் 1925 இல் நிகழ்ந்தது. பழைய ஒழுங்குவிதிகளைத் திரட்டி முத்துக்குளிப்புக் கட்டளைச் சட்டம் முழுமையாக இயற்றப்பட்டதும் அதே 1925 இலேயே. எவருடைய சிப்பியை, எந்தப் பாரில், எவரிடமிருந்து காப்பது என்பதை விரிவாக வகுத்த அச்சட்டம் நிறைவேறியபின், காப்பதற்குச் சிப்பி இருக்கவில்லை. 1958 இல் ஒருமுறை சலாபம் மீண்டும் முயன்று பார்க்கப்பட்டது. அரிப்பில் நோர்த் எழுப்பித்த மாளிகையின் செங்கற் சுவர்களைக் கடல் அரித்து வருகின்றது. அதன் நிழலில் மன்னார் மீனவர் வலை உலர்த்துகின்றனர்.